கணவாய்க்கு அந்தப் பக்கம்

நான் மலை ஏறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ஏமாற்றிவிட்டான் என்று பேசக் கூடாது. ஆனால் ஆஸ்திரியாவில் ஒரு பள்ளத்தாக்கில் எந்தப் பாதை எந்த வளைவில் செங்குத்தாகும், எந்த விடுதியிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் அடுத்த விடுதிக்குப் போய்ச் சேரலாம் என்று கேட்டால் சொல்வேன். போன வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அதுதான் வேலை.

நெய்வேலிச் சுரங்கத்தில் சர்வே பிரிவில் நான் கான்ட்ராக்ட் ஆள். கண்ணாடி பொருத்திய கம்பைத் தூக்கிக்கொண்டு சரிவுகளில் போய் நிற்பேன். தூரத்தில் கருவிக்குப் பின்னால் நிற்கும் சர்வேயர் என் கம்பைப் பார்த்து அந்த இடத்தின் உயரத்தைக் குறித்துக்கொள்வார். இருபது வருடத்துக்கு மேல் அப்படி நின்றிருக்கிறேன், பெரும்பாலும் ஒரே சர்வேயரின் எதிரில். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பர்மனென்ட், ரிட்டயராக ஒரு வருடம் இருந்தது.

அவர் மகள் அந்த நாட்டில் வேலை பார்க்கிறாள். அப்பா ஒருமுறை வரட்டும், சேர்ந்து மலையில் நடக்கலாம் என்று ஒரு மேப்பை அனுப்பியிருந்தாள். அங்கே மலைமேல் ஒரு நாள் நடைக்கு ஒன்று என்று விடுதிகள் இருக்கின்றன. வரிசையாக மெத்தை போட்டிருப்பார்கள், சூடாகச் சாப்பாடு கிடைக்கும், ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் அடுத்ததற்கு நடக்க வேண்டும். வழியையும் விடுதிகளையும் அப்பாவே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டாள்.

சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேஜையில் மேப்பை விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தார்.

"பாரும்வே. கோடு எனக்குப் படிக்கத் தெரியும். கால் உமக்குத்தான தெரியும்."

பார்த்தேன். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்து வரைகிற கோடுகள். எங்கள் சுரங்க மேப்பில் இருக்கும் அதே கோடுகள்தான். எங்களுடையதில் எண்கள் உள்ளே போகப் போகக் குறையும். இதில் ஏறிக்கொண்டே போயின. எத்தனையோ வருடமாக நான் வேலைக்குப் போவது என்றால் கீழே இறங்குவது. ஒரு நாளாவது மேலே ஏறி ஒரு வேலையைத் தொடங்க வேண்டும் என்று எனக்குள் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. இங்கே மண்ணைத் தோண்டிக் கொட்டிய மேட்டை மலை என்று வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுப்பார்கள். அது மலை இல்லை. அதன் அடியிலிருந்து உச்சி வரை என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அளந்தவன் நான்.

நான் ரொம்ப நேரம் குனிந்தே இருந்திருக்க வேண்டும். சார் சொன்னார்: "நீரும் வாரும்வே. மூணு மெத்தையாச் சொல்லிருவோம்."

அதோடு கெட்டேன்.

முதலில் போட்ட திட்டம் மகா மட்டம். முதல் நாள் ஒன்பது கிலோமீட்டர். டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு நடக்கிற கணக்கில் இரண்டு மணி நேரம் என்று எழுதினேன். மகள் போனில் சிரித்தாள். அங்கே வழிகாட்டிப் பலகையில் தூரமே போட மாட்டார்களாம், மணிதான் போடுவார்களாம். திரும்ப உட்கார்ந்து கோடுகளை எண்ணினேன். எங்கள் சுரங்கத்தின் ஆழத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது தடவை அடுக்கினால் அந்த ஒரு நாள் ஏற்றம். சார் கண்ணாடியைக் கழற்றி மேப்பின் மேல் வைத்தார்.

பிற்பகலில் இடி வரும், இரண்டு மணிக்குள் விடுதிக்குள் இருக்க வேண்டும் என்றும் மகள் சொன்னாள். ஆறு மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்கு முடிப்பது. எங்கள் முதல் ஷிப்ட். அதில் மட்டும் எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் காடு வழியாக முதல் விடுதி. இரண்டாம் நாள் மலையின் இடுப்போடு சுற்றி இரண்டாவது. மூன்றாம் நாள்தான் விஷயம். ஒரு கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி மூன்றாவது விடுதி. கணவாய்க்கு அந்தப் பக்கம் கோடுகளின் நிறமே பழுப்பிலிருந்து நீலமாக மாறியது. பனிக்கட்டி மேல் போகிற கோடுகளை நீலத்தில் போடுவார்களாம். நான் அந்த நீலத்தைப் பார்க்க ஏங்கினேன். ஷிப்டில் கம்பைப் பிடித்து நிற்கும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் என் மனைவி கேட்டாள்: "மைன்ஸ்ல நடந்துகினு கெடக்கறது பத்தலையா? ஏரோப்ளேன் ஏறிப் போயி வேற நடக்கணுமா?"

"அது மேல நடக்கறது."

"மேல நடந்தா மட்டும் காலு வலிக்காதா?"

விசாவுக்கு வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் வேண்டும், இவர் லீவில் போகிறார், திரும்பி வந்து வேலையில் சேருவார் என்று. இருபது வருடம் ஒரே குழியில் இறங்கியவனுக்கு அந்த ஒரு வரியை எழுதித் தர ஆள் இல்லை. கான்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இப்போது இருப்பவரின் காகிதத்தில் நான் ஏழு மாத ஆள். அவரிடம் போய் நின்றேன்.

"லீவா? தாராளமாப் போய்ட்டு வா. வர்றப்ப கேட் பாஸ் இருக்குமான்னு என்னைக் கேக்காத."

"அத ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க."

"என்னன்னு எழுத? நீ யாருன்னு எனக்கே தெரியாதேப்பா."

கடிதம் இல்லாமல்தான் விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். நான் திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். நாற்பது ஐம்பது வருடமாகச் சொந்த ஊரான முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டிக் குடியிருக்காதவன் திரும்பி வர மாட்டானாம். அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்தேன். பிறகு சாரிடம் காட்ட வேண்டுமே என்று ஒட்டினேன். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

நான் இல்லாமல் தானும் போக வேண்டாம் என்றிருந்தார் சார். நான்தான் சண்டை போட்டு அனுப்பினேன். மேப்பை ஜெராக்ஸ் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "கணவாய் மேல நின்னு வீடியோ போடுதேன். அந்தப் பக்கத்த நீர் பாத்துரும்" என்றார்.

முதல் இரண்டு நாளும் நான் எழுதிய மணிக்கு முன்னே பின்னே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக நின்றேன். அங்கே காலை பதினொன்று இருக்கும். போன் அடித்தது. மகள்.

"அங்கிள், இங்க மேகம் கறுத்துடுச்சு. கீழ போயிடலாம்னா அப்பா கேக்க மாட்டேங்குறாங்க. மேலதான் போகணும்ங்குறாங்க. நீங்க சொல்லுங்க."

போனை சார் வாங்கினார். மூச்சு வாங்கியது. "மழை வருதுவே. நேரம் இல்ல. இன்னும் ரெண்டு பெஞ்ச் உயரந்தான், மேல ஏறிட்டா தப்பிச்சிரலாம்."

பெஞ்ச் என்பது சுரங்கத்தைப் படிபடியாக வெட்டிக்கொண்டு போகிறோமே, அந்தப் படி. மழை வந்தால் சம்ப்பு என்கிற அடிக்குட்டை நிரம்பிக் கீழ்ப் படியில் தண்ணீர் நிற்கும், சரிவு இடிந்துகொண்டு வரும். அதனால் கறுத்ததும் வாக்கி டாக்கியில் ஒரே சத்தம்தான்: மேலே ஏறு. மெஷினும் ஏறும், ஆளும் ஏறும். எங்கள் காலுக்கு அது கேட்டுக் கேட்டுப் பழகிப்போனது. எனக்கும்தான். அவர் சொன்னதும் என் வாயில் 'ஏறிடுங்க' என்றுதான் வந்தது. வெளியே வரவில்லை, அவ்வளவுதான். அது வாய் வரைக்கும் வந்ததற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை. அவர் ஏறினால் நான் பார்ப்பேன். இரண்டே பெஞ்ச். நீலக் கோடு.

"சார், இடி கேக்குதா?"

"கேக்குதுவே."

"அது மைன்ஸ் இல்ல சார். மேல நின்னா இடி உங்க தலையிலதான் எறங்கும். திரும்புங்க."

"உமக்குக் காட்டணும்னுதான ஏறுதேன்."

"எனக்கு ஒரு மயிரும் காட்ட வாணாம். எறங்குங்கன்றேன்."

அவரிடம் அப்படிப் பேசியது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனில் காற்று மட்டும் கேட்டது. பிறகு மகளின் குரல், "இறங்குறோம் அங்கிள்" என்று. லைன் போய்விட்டது.

பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு சார் கூப்பிட்டார். இரண்டாவது விடுதிக்கே திரும்பிவிட்டார்களாம். நனைந்து, சூப் குடித்துக்கொண்டிருக்கிறாராம். மறுநாளும் மழை என்கிறார்கள், மகளுக்கு லீவு முடிகிறது, அப்படியே கீழே இறங்கி ஊருக்குப் போய்விடுவார்களாம். நான் சரி என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

"மேல இடி விழுந்துச்சுன்னு இங்க உள்ளவன் சொல்லுதான். எங்கன்னு தெரியல." ஒரு வாய் சூப்பை உறிஞ்சினார். "அந்தப் பக்கம் என்னவே இருந்திருக்கும்?"

நான் ஜெராக்ஸை எடுத்துத் தரையில் விரித்தேன்.

"ஏறினதும் ஒரு பத்தடி சமமா இருக்கும் சார். ரெண்டு பேரு நிக்கலாம். அப்புறம் செங்குத்து. கோடு நெருக்கமா கீது, பாத்துதான் எறங்கணும். கீழ சின்னதா ஒரு ஏரி. அதுக்கு இடது கைப் பக்கம் பனி தொடங்குது, மேல உச்சி வரைக்கும் போவுது."

"ஏரி பெருசா?"

"நம்ம சம்ப்பு அளவுதான் இருக்கும். ஆனா தண்ணி சுத்தமா இருக்கும்."

"ம்."

"அதத் தாண்டுனா விடுதி. அரை மணி நேர நடை."

"அவ்வளவுதானாவே?"

"மேப்புல அவ்ளோதான் சார் கீது."