“லோரெட்டாதான் பேசுறேன், சொல்லுங்க”

அமெரிக்காவில், டொலீடோ நகரில் எனக்கு முடி வெட்டுபவள் லோரெட்டா குஜாவா. பார்லரில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்து வேலை செய்கிறாள். முதலாளி கிடையாது. அதனால் முதலாளி தரும் மருத்துவக் காப்பீடும் கிடையாது. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அடுத்த வருடத்துக்கானதை அவளே தேடி, ஒப்பிட்டு, வாங்க வேண்டும். வரப்போகும் நோய் இன்னதென்று இப்போதே தெரிந்தவர்தான் அதைச் சரியாக வாங்க முடியும். அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

போன வருடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பித்தப்பை நிறையக் கல். வெண்ணெயில் புரட்டிய ஒரு பியரோகி கொழுக்கட்டை தின்றால் போதும், வலியில் சுருண்டுவிடுவாள். அந்த வருடம் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை ஸ்கேன், அவசரப் பிரிவு என்று முன்பே கட்டித் தீர்த்துவிட்டாள். டிசம்பருக்குள் அறுவை நடந்தால் செலவு காப்பீட்டுக் கம்பெனியுடையது. ஜனவரி பிறந்தால் அவள் பங்கு முதலிலிருந்து தொடங்கும். மருத்துவமனையில் தேதி இல்லை. “யாராவது விலகினா கூப்பிடுவோம். உடனே எடுக்கணும்” என்றார்கள்.

அதற்கிடையில் அடுத்த வருடத் திட்டங்களை ஒப்பிட ஓர் இணையதளத்தைத் திறந்தாள். அரசாங்கத்துடையது போலவே கொடியும் நீலமும். விலையைக் காட்டும் முன் போன் நம்பர் கேட்டது. கொடுத்தாள். விலை வரவில்லை, அழைப்பு வந்தது. என் தலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி எடுத்தாள்.

“லோரெட்டா குஜாவாங்களா?”

“ஆமா, ஆமா! தேதி கெடச்சிருச்சா?”

“உங்களுக்காகவே ஒரு பிளான் இருக்கு மேடம்...”

அன்றிலிருந்து ஓயவில்லை. தினம் ஒரு புது நம்பர். ஒருவன் எடை கேட்டான். இன்னொருவன் அவளுக்காக ஜெபம் செய்துவிட்டு வங்கிக் கணக்கைக் கேட்டான்.

“அணைச்சுத் தொலையேன்டி அந்தப் போனை” என்றாள் பக்கத்து நாற்காலி ட்ரூடி.

“ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டா?”

“அப்ப எடுத்து நாலு திட்டு திட்டு. உன் வாய்க்கு அதெல்லாம் சொல்லியா குடுக்கணும்?”

டிசம்பர் நடுவில் ஒரு பெண் குரல். “லோரெட்டா குஜாவாங்களா?”

“இன்னொரு தடவ கூப்பிட்டே, நேர்ல வந்து மொட்டை அடிச்சிருவேன்! ஒண்ணும் வேணாம், வை!”

பார்லரே சிரித்தது. நானும்தான்.

மறுநாள் அவளே மருத்துவமனைக்குப் பேசினாள்.

“நேத்து கூப்பிட்டோமே. வேணாம்னுட்டீங்க. அந்தத் தேதிய வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு.”

“ஐயோ, அது உங்கள இல்லம்மா!”

“இன்னொண்ணு வந்தா பாக்கலாம்.”

அந்த நம்பரை விற்றவன், வாங்கியவன், கூப்பிட்டவன் யாரும் தப்பே செய்யவில்லையாம். நம்பரைக் கொடுத்தபோதே அவள் சம்மதித்துவிட்டாளாம். அந்த இணையதளப் பக்கத்தின் அடியில், எறும்பு மொய்த்தது போன்ற எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. சம்மதம் என்ற சொல்லை இவ்வளவு கேவலமாக யாரும் கையாண்டு நான் கண்டதில்லை.

அதன்பின் லோரெட்டா யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் அருவருப்பு. எந்த அழைப்பையும் விடாமல் எடுத்தாள். “லோரெட்டாதான் பேசுறேன் கண்ணு, சொல்லுங்க” என்று, மருத்துவமனை இல்லை என்பது உறுதியாகும்வரை அவர்கள் விற்பதையெல்லாம் பணிவாகக் கேட்டாள்.

புத்தாண்டுக்கு முந்தைய மாலை பார்லரில் கூட்டம். சாயம் படிந்த கையுறையோடு எடுத்தாள்.

“இல்ல கண்ணு, போன வாரமே ஒரு பிளான் வாங்கிட்டேன்... இல்ல, விலை ஜாஸ்திதான்... பரவால்ல. ஹாப்பி நியூ இயர்.”

போனை வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, வலி அடங்கும்வரை குனிந்து நின்றாள்.