டிஸ்க்கின் கடைசியில் இருந்த அட்டவணை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருந்த அறையில், இரண்டு பெண்களின் கண்ணெதிரே நடந்தது. ஒருத்தி கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'சர்வீஸ் அக்கா'. பேய் என்று யாராவது வாயெடுத்தால், "முதல்ல வயரிங்கைப் பாருங்க" என்று சிரிப்பவள். இப்போது சிரிப்பதில்லை.

அங்கே கணக்கு வேலை பார்த்த ஒருவன் சாலை விபத்தில் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுநாளே, "புது ஆள் வர்றார், எல்லாத்தையும் அழிச்சுடுங்க" என்றார் மேனேஜர். ஓர் இரங்கல் வார்த்தை இல்லை. நாற்காலியை மட்டும் நன்றாகத் துடைத்து வைத்தார்கள். அவன் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்தது அக்காதான்.

அதன் பிறகுதான் அவனுடைய அம்மா வந்தாள்.

"அவன் வீட்டை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. எங்கிட்ட இருக்கறதெல்லாம் சின்ன வயசுப் படம். இதுல அவன் போட்டோ ஒண்ணாவது இருக்குமா?"

மேனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

அவளுக்கு ஒரு வழி தெரியும். கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகியிருக்கும் டிஸ்க்கில், எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஓர் அட்டவணை இருக்கும். அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினாலும், பழையதன் நகல் சில சமயம் டிஸ்க்கின் கடைசியில் தங்கிவிடும். கம்ப்யூட்டரைப் போட்டதும் விழித்துக்கொள்கிற பூட் லோடர் என்ற சின்ன ப்ரோக்ராம், இரண்டு அட்டவணை இருந்தால் ஒன்றைத்தான் நம்பும். மற்றதை நம்பு என்று நாம் சொல்லலாம்.

தேடினாள். கடைசியில் பழைய அட்டவணை இருந்தது. பூட் லோடரிடம் அதைப் படிக்கச் சொன்னாள்.

அரைகுறையாக ஏதாவது வந்தாலே பெரிது என்றுதான் நினைத்தாள்.

முழுசாக வந்தது.

அவன் பெயர். கீழே பாஸ்வேர்டு கேட்கும் கட்டம். அக்கா விரலை எடுத்து வைப்பதற்குள் கட்டத்தில் புள்ளிகள் நிரம்பின. பழைய கம்ப்யூட்டர், ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திரை முழுக்க ஒரு படம் விரிந்தது. ஏதோ பாலத்தின் மேல், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன்.

"இவன்தான்..." அம்மாவின் குரல் உடைந்தது. "முதுகைப் பார்த்தாலே தெரியுதே. முகம் தெரியற மாதிரி ஒண்ணு காட்டும்மா."

அப்போதுதான் அக்கா கவனித்தாள். எப்போதும் உறுமுகிற டிஸ்க்கில் சத்தமே இல்லை. அது ஓடும்போது மினுங்கும் சின்ன விளக்கும் எரியவில்லை.

போட்டோக்கள் இருந்த பகுதியைத் திறந்தாள். மூடிக்கொண்டது.

மறுபடியும் திறந்தாள். மூடிக்கொண்டது.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அம்புக்குறி மட்டும் நகர்ந்தது... மெதுவாக... ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது.

டக்.

டக்... டக்...

கீபோர்டில் ஒரு கட்டைகூட அசையவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

எழுத்துகள் ஒவ்வொன்றாக...

'அக்கா... அவங்களுக்கு... எதையும் காட்டாதீங்க.'

அக்கா பதறிப்போய்த் திரையைக் கையால் பொத்தினாள்.

"மறைக்காதம்மா. படிச்சுட்டேன்."

அம்மா அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவனேதான். உயிரோட இருந்தப்பவும் என்னை அம்மான்னு சொல்லமாட்டான், 'அவங்க'ன்னுதான் சொல்லுவான்."

அவள் வாசலைத் தாண்டும்வரை அந்த டக் டக் நிற்கவில்லை. அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. அணைய... கொஞ்சம் நேரமானது.

அன்றே டிஸ்க்கைக் கழற்றி, தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் அந்தப் பழைய அட்டவணையை வரி வரியாகப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். டிஸ்க்கைத் திருப்பி, மேலே ஒட்டியிருந்த அளவைப் படித்தார்.

"இது காட்டற இடம் இந்த டிஸ்க்லயே இல்லையேம்மா. டிஸ்க் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் அந்த இடமே ஆரம்பிக்குது..."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீ கம்ப்யூட்டரை எங்கேயிருந்து ஸ்டார்ட் பண்ணினே?"