இரண்டாவது கிளாஸ்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதியதை மருமகள் போட்டோ எடுத்து இங்கே போடுகிறாள். இந்த வயதில் எழுதப் படித்தவன் நான். கை மூட்டைக்குப் பழகியது, பேனாவுக்கு இன்னும் இல்லை.

சுகுமாரன் சேட்டன் போய்விட்டார். இன்று காலையில்...

பக்கத்து வீடு. தம்பானூரில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நான் ஆரியசாலையில் மளிகை மொத்தக் கடையில் சுமை எடுத்தவன்.

மகன் துபாயிலிருந்து ஸ்காட்ச் கொண்டுவந்தால் ஞாயிறு மத்தியானம் என்னைக் கூப்பிடுவார். இரண்டு பாட்டில், பாட்டிலுக்கு ஒரு கிளாஸ், மேலே சாஸர் மூடி. ஸ்பூனால் சில சொட்டுத் தண்ணீர்.

"அண்ணாச்சி, அவசரம் வேண்டா. முதல்ல மூக்கு. பல பீப்பாய் சேர்ந்த சாதனமாக்கும் இது. மணத்துல எவன் முன்னாடி நிக்கான், எவன் ஒளிஞ்சு நிக்கான்னு பாருங்க."

எனக்கு என்ன தெரியும்... "சுக்கு மூட்டை" என்பேன். "நனைஞ்ச சாக்கு" என்பேன்.

"கடையை விட்டு வெளிய வாங்க அண்ணாச்சி!" என்று சிரிப்பார். பிறகு தானும் மோந்து பார்த்து, "சுக்கு உண்டு, கேட்டோ" என்பார்.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தோம். உள்ளே அடுப்பில் பால் கருகி வீடெல்லாம் நாற்றம். சேட்டன் கிளாஸில் மூக்கை வைத்தபடி, "தேன்... நல்ல தேன்" என்கிறார்.

என் முகத்தைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"காய்ச்சல் வந்துபோன பின்னே ஒரு மணமும் கிட்டல்லே அண்ணாச்சி. வீட்டுல சொல்லண்டா."

நான் என்ன செய்ய... என் மூக்கைக் கழற்றிக் கொடுக்கவா முடியும்?

அவரே வழி சொன்னார். "நீங்கதான் எழுதப் படிச்சாச்சே. ரெண்டையும் மோந்து எழுதிக் கொண்டுவாங்க. வாயால சொன்னா ஒரு வார்த்தையில முடிச்சுடுவீங்க. வாசிச்சுக் கேட்டா எனக்கு மணக்கும்."

இரண்டையும் சின்னக் குப்பிகளில் ஊற்றிக் கொடுத்தார். என்னிடம் எழுத்துக் கேட்ட முதல் ஆள்! தலைகால் புரியவில்லை எனக்கு.

முதல் குப்பியைக் கிளாஸில் ஊற்றி மோந்து எழுதினேன், ஒரு பக்கம் முழுக்க வந்தது. சுக்கு, கருப்பட்டி, மழை பெய்த காலையில் கிடங்குக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் காற்று.

போன ஞாயிறு வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"மழை... பின்னே?" என்றார்.

பின்னே நான் எழுதியிருக்கவில்லை.

இரண்டாவது குப்பி இன்னும் திறக்காமல் என் அலமாரியில் இருக்கிறது. அடுத்த வாரம் எழுதிவிடுகிறேன் சேட்டா... மெதுவாகத்தான் வரும்.