பதினொரு சன்னல்கள்

இடது கை ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கை பிளேடைச் சாய்த்து ஒரே இழுப்பில் அட்டையின் மேலிருந்து கீழே கொண்டுவருகிறது. மூலையில் நிறுத்தி, அட்டையைத் திருப்பி, மறுபடி ஒரு இழுப்பு. நான்காவது பக்கம் முடிந்ததும் நடுத்துண்டு தானாகக் கழன்று மேசையில் விழ வேண்டும். விரலால் தள்ள வேண்டியிருந்தால் வெட்டு சரியில்லை என்று அர்த்தம். இதுவரை ஒன்பது துண்டுகள் விழுந்து, அட்டையில் படம் வைக்க ஒன்பது சன்னல்கள் திறந்திருக்கின்றன.

பக்கத்தில் நின்ற சிஸ்டர் மறுபடியும் எண்ணிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் மாத்திரை எண்ணிப் பழகிய கண். படங்கள் எட்டுதான், ஒரு சன்னல் கூடிவிட்டதே என்றார். இன்னும் இரண்டு இருக்கிறது என்று பதில் வந்தது.

"அக்கா, இல்லாத படத்துக்கா சன்னல் வெட்டறீங்க?"

"ஆமா."

படங்களுக்குச் சட்டம் போடும் இந்த அக்காவுக்குத் தெருவில் பெயரே அங்குலம். கட்டில் வாங்கப் போன இடத்தில், பில் போடுவதற்கு முன்பே, இது எங்கள் வாசலில் நுழையாது என்று சொல்லிக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். முப்பது வருடத்தில் ஒருமுறைகூடப் படம் கையில் இல்லாமல் அட்டையில் கத்தி வைத்ததில்லை. யாராவது ஃபோனில் அளவு சொன்னால், "படத்தைக் கொண்டாங்க" என்று வைத்துவிடுவார்.

அவருக்கு யாரும் தொழில் சொல்லித்தரவில்லை. பழைய சட்டங்களை வாங்கி ஆணி ஆணியாகப் பிரித்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். முதல் வருடம் அவர் சேர்த்த மூலைகளில் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. இப்போது ஒரு தலைமயிர்கூட நுழையாது. ஆனால் இந்தத் தொழில் அவருக்கு ஒரு குறையையும் கொடுத்திருந்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஓரம்தான் கண்ணில் படும்.

போன வருடம் மூன்று தோழிகளும் யாத்திரைப் பாதையில் நடக்கக் கிளம்பினார்கள். திராட்சைத் தோட்டங்கள் வழியாகப் பதினொரு நாள் நடை, முடிவில் மலைமேல் ஒரு கோயில். யோசனை மூத்தவரான டிரைவரம்மாவுடையது. முப்பத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு, ஊரையே உட்கார்ந்துகொண்டு சுற்றிவிட்டேன், இனி நின்றுகொண்டு சுற்றுகிறேன் என்றார்.

இரண்டாம் நாள் வழியில் ஒரு ஓவியக்கூடம் வந்தது. ஒரு சுவர் முழுக்கக் கடலும் புயலுமாக ஒரே ஓவியம். சிஸ்டர் கண் கலங்கி நின்றார். டிரைவரம்மா தொப்பியைக் கழற்றினார். என்ன தெரிகிறது என்று அங்குலத்தைக் கேட்டார்கள்.

"சட்டத்துல கீழ வலது மூலை ஒரு நூல் அளவு விலகியிருக்கு."

அன்று இறக்கம் முழுவதும் இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

மாலையில் தங்குமிடத்தில் அந்தந்த ஊர் ஒயினை ஆளுக்கு ஒரு டம்ளர் வாங்கிக்கொள்வார்கள். முதல் மிடறில் மருந்து மாதிரி இருக்கிறது என்று சிஸ்டர் முகம் சுளிப்பார். பாதி டம்ளரில் அந்த மருந்து அவருக்குப் பிடித்துப்போகும். டிரைவரம்மா மட்டும் கடைசி மிடறைக் குடிக்கமாட்டார். அதில் பிரஷ்ஷைத் தோய்த்து, உள்ளங்கை அகலக் காகிதத்தில் அன்றைய பாதையை வரைவார். மூன்றாவது நாள் படத்தை வாங்கிப் பார்த்த அங்குலம் வெகுநேரம் திருப்பித் தரவில்லை. பாதை கீழே அகலமாகத் தொடங்கி, கொஞ்சம் உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் ஓடியது. ஓரங்களில் மரங்கள் ஒதுங்கி வழிவிட்டன. "அக்கா, இது டிரைவர் சீட்ல இருந்து தெரியற ரோடு," என்றார். தனக்கே தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டாளே என்று டிரைவரம்மா அன்று இன்னொரு டம்ளர் வாங்கிக் கொடுத்தார்.

எட்டாவது நாள் மாலை, அன்றைய படத்தை வரைந்து முடித்து எழுந்தபோது டிரைவரம்மாவின் வலது முழங்கால் வீங்கியிருந்தது. மறுநாள் செங்குத்தான கல் இறக்கத்தில் நாலு படி வைத்தார். ஐந்தாவது முடியவில்லை. மூவரும் திரும்பினார்கள். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த டிரைவரம்மா, ஓட்டுநர் கியர் மாற்றத் திணறியபோதுகூட முன்பக்கம் திரும்பவில்லை. இறங்கும்போது எட்டுப் படங்களையும் ஒரு கவரில் போட்டு அங்குலத்திடம் நீட்டினார்.

"குப்பையில போட்டுடு. இனிமே நடையும் இல்ல, படமும் இல்ல."

அந்த எட்டுக்குத்தான் இப்போது பதினொரு சன்னல்.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் டிரைவரம்மாவின் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார்கள். எட்டில் படங்கள். மூன்றில் வெறும் வெள்ளை. டிரைவரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"குத்திக் காட்டறியா?"

"இல்லக்கா. அளவெடுத்து வெச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு சிஸ்டர் வாரம் நான்கு நாள் வந்தார். கணுக்காலில் மணல் பை கட்டி, காலை நீட்டி மடக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். டிரைவரம்மா திட்டிக்கொண்டே செய்தார். வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து, மூன்று ஏன் காலி என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தபால்காரர் கேட்டார், கேஸ் கொண்டுவந்தவர் கேட்டார், மருமகள் இரண்டு முறை கேட்டாள். பத்தாவது மாதம் டிரைவரம்மா ஃபோன் செய்து, பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, கால் வலியே தேவலை, மூட்டை கட்டுங்கள் என்றார்.

விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்கள். கல் இறக்கத்தின் உச்சியில் டிரைவரம்மா நின்று, கீழே பார்த்து, பிறகு மெதுவாக முதுகைத் திருப்பினார்.

"ரிவர்ஸ்ல போறேன்."

அங்குலம் மேலே நின்று அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் கீழே இறங்கிக் கண்டக்டரானார்.

"வரலாம், வரலாம். கொஞ்சம் ரைட்ல ஒடிங்க. ஸ்டாப்."

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அங்குலம் சொன்னார்: "அடுத்த கல் ஒன்பது அங்குலம். அதுக்கடுத்தது ஆறரை."

"ஏழா, ஆறரையா?"

"ஆறரை."

காலை வைத்தார். ஆறரைதான். பின்னால் வந்த யாத்திரிகர்கள் ஹாரன் அடிக்காமல் வரிசையாக நின்றார்கள். நூற்றுப்பதினான்கு கற்கள். கடைசிக் கல்லில் முழங்கால் வீங்காமல் நின்றபோது டிரைவரம்மா இல்லாத ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். வரிசை முழுதும் கைதட்டியது.

அதற்கு மறுநாளின் மறுநாள் கோயில் மணிக்கூண்டின் கீழே மூவரும் நின்றார்கள். அன்று ஆளுக்கு இரண்டு டம்ளர். டிரைவரம்மா கோயிலை வரைவார் என்று எதிர்பார்த்தால், முந்தைய இரண்டு நாள் படங்களோடு குறிப்பேட்டில் தாள் தீர்ந்திருந்தது. தங்குமிடத்தின் விலைப்பட்டியலைப் புரட்டி அதன் பின்பக்கத்தில் வரைந்தார். கீழிருந்து பார்த்த ஒரு சரிவு. இரண்டு கைகள் நீண்டு வருகின்றன. அவற்றுக்கு மேலே ஒரு முகம், கண்கள் கற்களில், உதடுகள் ஏதோ எண்ணைச் சொல்லப் பாதி திறந்து. இதுவரை அவர் படங்களில் ஆள் யாரும் வந்ததில்லை.

அங்குலம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்பதே நினைவுக்கு வரவில்லை. சிஸ்டர்தான் சொன்னார், இது இரண்டு அங்குலம் பெரிசு, சன்னலுக்குள் போகாது. அளவு தப்பிவிட்டது. முப்பது வருடத்தில் முதல்முறை.

டிரைவரம்மா ஓரத்தை வெட்டிக்கொள்ளச் சொன்னார்.

"படத்தையா? சன்னலை வெட்டறேன்," என்றார் அங்குலம். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஒயின் புரையேறியது.

ஊருக்கு வந்ததும் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கடைக்குக் கொண்டுபோனார். கடைசிச் சன்னலில் ஸ்கேலை வைத்து, மூச்சை அடக்கி வெட்டினார். துண்டு தானாக விழுந்தது. முதல் எட்டுப் படங்களில் ஒயின் பழுப்பேறி மண் நிறமாகியிருந்தது. மூன்று மட்டும் இன்னும் சிவப்பு. வரிசையை மீறிக் கீழ் வலது மூலையில் கடைசிச் சன்னல் ஓரத்துக்கு நெருங்கி நின்றது. கண்ணாடியைத் துடைத்து, பின்பலகையை ஆணியடித்து, காகிதம் சுற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டு நடந்தார்.

டிரைவரம்மா கைத்தடி இல்லாமல் வந்து கதவைத் திறந்தார். வாசலிலேயே படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"கீழ வலது மூலை விலகியிருக்கே."

"தெரியும். பிடிங்க, கனக்குது."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.