சேமிக்காமல் போட்ட ஆச்சரியக்குறி

இப்போதும் கணினியில் எழுதும்போது ஆச்சரியக்குறி அடிக்க நேர்ந்தால் என் விரல் ஒரு கணம் தயங்கும். எழுபதுகளின் கடைசியில் மலையாள நாட்டு எல்லைக்குள் கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே வந்திறங்கிய கம்ப்யூட்டருக்குத் திரை கிடையாது. நாம் அடிப்பதும் அது சொல்லும் பதிலும் ஒரே தாள்சுருளில் கடகடவென்று அச்சாகும். ஒரு கோப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே, அதைவிட்டு வெளியே வராமல் வேறு வேலையும் ஏவலாம். வரியின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டுக் கட்டளையை அடித்தால் போதும். அச்சடி என்றால் அச்சடிக்கும், மணி கேட்டால் மணி சொல்லும். அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து திருத்தலாம். இதெல்லாம் நன்றாகத் தெரிந்தவன் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சமென்ன, நிறையவே.

டைப்பிஸ்ட் அக்கா கொழிஞ்சாம்பாறைக்காரர். ஆச்சரியக்குறி போடும் முன் ஒவ்வொரு தடவையும் கோப்பைச் சேமித்துவிடுவார். சேமித்ததும் மொத்தம் இத்தனை எழுத்து என்று எந்திரம் ஓர் எண்ணை அச்சிடும். அதைப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் என்று கேலி செய்வேன். "ஏனுங்க தம்பி, நாம திருத்துனது இன்னும் அதோட மனசுக்குள்ளதான இருக்குது. வெளிய நின்னு அச்சடிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

ஒரு வியாழக்கிழமை, தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கும் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டும். வருஷக்கணக்காகக் கிடங்கில் மூட்டை தூக்கிய ஓர் அண்ணனின் பெயர் அதில் விட்டுப்போயிருந்ததை அக்காதான் கண்டுபிடித்தார். பெயரைச் சேர்த்து அடித்த கையோடு, போன் வந்திருக்கிறது என்று அவரை அடுத்த அறைக்குக் கூப்பிட்டார்கள். தபாலை ரயிலுக்குக் கொண்டுபோகிற ஜீப் வாசலில் ஹாரன் அடித்தது. நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆச்சரியக்குறி போட்டு அச்சடிக்கச் சொன்னேன். வந்த தாளை யாரும் படித்துப் பார்க்கவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டார், ஜீப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை பட்டியலின் நகலைப் பலகையில் ஒட்டினார்கள். கிடங்கு அண்ணன் பெயர் இல்லை. மேனேஜர் மலையாளத்தில் அக்காவைப் பிடிபிடியென்று பிடித்தார். யாருடைய பிசகு என்று தெரியாமல் தலைமை அலுவலகத்துக்குப் போன் போடமுடியாது என்றார். அக்கா தாள்சுருளைப் பிரித்து என் மேஜையில் வைத்தார். அவர் சேர்த்த பெயர் இருந்தது. அடுத்த வரியிலேயே என் ஆச்சரியக்குறி. நடுவில் வந்திருக்கவேண்டிய எண் இல்லை. நான் சேமிக்கவே இல்லை. கம்ப்யூட்டரின் வட்டில் முன்பே சேமித்துக் கிடந்த பழைய பட்டியல்தான் அச்சாகியிருக்கிறது.

"நாளைக்கு அங்க முடிவு பண்ணீருவாங்க. இன்னைக்கே மேனேஜர்கிட்டச் சொல்லீருங்க தம்பி. ட்ரங்க்கால் போட்டாப் பேரைச் சேத்துக்குவாங்க" என்றார்.

எனக்கு அப்போது வேலை உறுதியாகவில்லை. பயம், வேறென்ன. சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். சாப்பிட்ட பிறகு, டீ குடித்துவிட்டு என்றேன். நாலு மணிக்கு அக்கா எழுந்து மேனேஜர் அறைக்குள் போனார். தன் கைப்பிசகு என்று சொல்லியிருக்கிறார். ட்ரங்க்கால் போனது, பெயரும் சேர்ந்தது. அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள்.

"நானே போயிருப்பேன் அக்கா" என்றேன்.

"போயிருப்பீங்க. நேரம் இல்லீங்களே."

அடுத்த மாதம் கிடங்கு அண்ணன் நிரந்தரமானார். பெயரை விட்டது அக்கா, கண்டுபிடித்தது நான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பனையோலையில் கட்டிய நுங்கை என் மேஜையில் வைத்துக் கைகூப்பினார். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த அக்கா பக்கம் அவர் திரும்பவே இல்லை. அக்காவும் நிமிரவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நுங்கு நல்ல இளசு. அக்கா எதிரிலேயே தின்றேன்.