காரில் அக்காவுக்கு இடம்

அக்காவுக்குத் தலைப்பிரசவம். கல்யாணமாகிக் கோலாலம்பூர் போனவள் அதற்குப் பிறகு பினாங்குப் பக்கமே வரவில்லை. ஏழாம் மாதம் முடியப் போகிறது, கட்டுச்சோறு கொண்டுபோய்க் கொடுத்துப் பிள்ளையை அழைத்து வந்துவிட வேண்டும் என்று அம்மா சொன்னாள். எனக்கு அப்போது பதினொரு வயது. அழைத்து வருவது என்றால் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவது என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போடக்கூட ஆளில்லாமல் அந்த வருஷம் முழுவதும் நான் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

கார் மாமாவுடையது. அவர் அம்மாவின் தம்பி. ஜெலுத்தோங்கில் பழைய கார்களைப் பழுது பார்த்து விற்றுக்கொண்டிருந்தார். இந்தக் காரை மட்டும் யாரும் வாங்கவில்லை. அதனால் அது அவருடையதாயிற்று. மேலே துணிக் கூரை, பக்கத்தில் ஏறி இறங்க நீளமான படிப்பலகை, பின்னால் பெட்டி கட்ட ஓர் இரும்புச் சட்டம். முந்தின நாள் மாலையே கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டார். மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் போகிற ரிக்‌ஷாக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போகும்போது அவர்கள் சீனத்தில் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று மாமாவைக் கேட்டேன். பிரயாணம் நல்லபடி அமையட்டும் என்று வாழ்த்துகிறார்கள் என்றார். வாழ்த்து கொஞ்சம் உரக்க இருந்தது.

அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. கப்பலில் சரக்கு ஏற்றுவதைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர். ஒரு மூட்டையைக்கூட அவர் தூக்கியதில்லை; ஆனால் அடுக்குவதைப் பற்றி அவருக்கு அபிப்பிராயங்கள் உண்டு. காரின் பின்சீட்டில் இடது பக்கம் ஒரு துண்டை விரித்தார்.

"இது பிள்ளைக்கு. திரும்பி வரும்போது அவ உக்கார்ற எடம். இதுல யாரும் ஒண்ணும் வைக்கக் கூடாது."

அம்மா பணிவாகத் தலையாட்டினாள். அப்பா உள்ளே போனதும் துண்டின்மேல் ஒரு பித்தளைக் குண்டானை வைத்தாள். "போகும்போது சும்மாத்தானே கெடக்கு" என்றாள் என்னிடம்.

கட்டுச்சோறு என்றால் ஐந்து வகை. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு. விடியுமுன் பினாங்கில் கிண்டி, இருட்டுவதற்குள் கோலாலம்பூரில் இறக்க வேண்டும். தேங்காயைச் சிவக்க வறுத்துப் போட்டால் தாங்கும் என்றாள் அம்மா. தயிர்ச் சோற்றுக்கு அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். குழைந்த சோற்றில் பாலை ஊற்றி ஒரு கரண்டி உறைமோர் விட்டுவிட்டால், நிபோங் திபாலில் உறைய ஆரம்பிக்கும், ஈப்போவில் தயிராகிவிடும், சம்பந்தி வீட்டில் புளிக்காமல் இறங்கும். ரயில்வேக்காரர்கள்கூட இவ்வளவு நிச்சயமாக நேரம் சொல்ல மாட்டார்கள்.

அப்பா ஒரு யோசனை சொன்னார். ஐந்தையும் வாழையிலையில் தனித்தனியாகக் கட்டி ஒரே அண்டாவில் வைத்தால் என்ன?

"அஞ்சு சோத்தையும் ஒண்ணா வச்சா அது அன்னதானம். சீர் இல்ல" என்றாள் அம்மா.

ஆகவே ஐந்து பித்தளைப் பாத்திரங்கள். அவை போக முறுக்குக்கும் அதிரசத்துக்கும் பிஸ்கட் டின்கள், ஊறுகாய் ஜாடிகள், பழக்கூடை, புடவையும் வளையலும் வைத்த தாம்பாளம், பிறகு அந்தத் தாம்பாளம் தனியாகப் போகக் கூடாது என்பதற்காக இன்னொரு தாம்பாளம். மாமா ஒவ்வொன்றையும் கயிறு போட்டுக் கட்டினார். படிப்பலகை நிறைந்தது. பின்சட்டம் நிறைந்தது. அடுத்த ஜாடி வந்ததும் கயிற்றைக் கீழே போட்டார்.

"சுக்குப் லா அக்கா! போதும்! இது கார், லாரி இல்ல."

"நீ ஓட்டுறதோட நிறுத்திக்க. ஏத்துறது என் வேல."

அப்பா மட்டும் கலங்கவில்லை. சோறு போய்ச் சேர்ந்ததும் பாத்திரங்கள் காலியாகிவிடும். காலிப் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் ஐந்தும் ஓர் அண்டாவாகிவிடும். அந்த இடத்தில் பிள்ளை சாய்ந்தே உட்காரலாம் என்று விளக்கினார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இதைத்தான் இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சீனத்து ஆச்சி பெருநாளைக்கு ஒரு தட்டில் பலகாரம் அனுப்பினால், அந்தத் தட்டை எங்கள் அம்மா ஒருநாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கை சர்க்கரையாவது வைத்துத்தான் அனுப்புவாள். அதே அம்மாதான் இந்தக் கணக்கைக் கேட்டுத் தலையாட்டினாள்.

புறப்படுகிற நேரத்தில் சக்கரத்தின் அடியில் வைக்க எலுமிச்சம்பழம் இல்லை. வாங்கிய அத்தனையும் சோற்றுக்குள் போயிருந்தது. பிழிந்த மூடியை வைத்தால் போதாதா என்று மாமா கேட்டார். அம்மா பார்த்த பார்வையில் அவரே பழம் வாங்கப் பாசாருக்கு ஓடினார்.

பினாங்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் படகில் காரையும் ஏற்றிக்கொண்டார்கள். நான் முறுக்கு டின்மேல் உட்கார்ந்திருந்தேன். அம்மா மடியில் ஒரு குண்டான், காலடியில் ஒரு குண்டான். பாரிட் புந்தார் தாண்டி ஒரு டயர் போயிற்று. மாற்று டயர் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. சாமான் முழுவதையும் ரப்பர் மரத்தடியில் இறக்கிவைத்தோம். பார்த்தவர்கள் கடை போட்டிருக்கிறோம் என்று நினைத்து வண்டியை நிறுத்தினார்கள். ஒரு மலாய்க்காரர் முறுக்கு என்ன விலை என்று கேட்டார். அம்மா அவருக்கு இரண்டு கொடுத்து அனுப்பினாள். எல்லாவற்றையும் முறையாகத் திரும்ப அடுக்க இது நல்ல சந்தர்ப்பம் என்றார் அப்பா. மாமா அவரிடம் தைப்பிங் வரை பேசவில்லை.

இருட்டும்போது போய்ச் சேர்ந்தோம். அக்கா வாசலில் நின்றாள். முகம் சின்னதாகிப்போய் வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. எனக்கு அவளைத் தொடவே பயமாக இருந்தது. அவள்தான் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். விட வேண்டிய நேரத்தில் விடவில்லை. சம்பந்தியம்மா நல்ல மனுஷி. எங்களை உட்கார வைத்து விசிறினாள். தயிர்ச் சோறு புளிக்கவில்லை என்று சொன்னாள். அம்மாவுக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

காலையில் எழுந்து வந்து பார்த்தால் ஐந்து பாத்திரங்களும் முன்வாசலில் வரிசையாக இருந்தன. ஐந்தும் நிறைந்திருந்தன. லட்டு, அப்பம், அவல், வெல்லம், ஒன்றில் கழுத்துவரை நெய். பக்கத்தில் அவர்கள் சேர்த்து வைத்தவை: ஒரு மூட்டை அரிசி, இரண்டு கூடை ரம்புத்தான் பழம், எங்கள் ஜாடிகளைவிடப் பெரிய ஜாடிகள்.

"வெறும் பாத்திரத்த அனுப்பினா நாலு பேரு என்ன சொல்வாங்க அண்ணி?" என்றாள் சம்பந்தியம்மா.

 அம்மா எப்போதும் சொல்லும் வாக்கியம் அது. அப்பா தாழ்வாரத்தில் நின்று பாத்திரங்களை வெகுநேரம் பார்த்தார். மாமா கயிற்றை எடுத்தார்.

அடுக்கி முடித்தபோது பின்சீட்டில் அம்மாவுக்கு மட்டும் இடம் இருந்தது. என்னை அழைத்துக்கொண்டு ரயிலில் வந்துவிடுவதாகச் சொன்னார் அப்பா. நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குள் அப்பாவின் முன்சீட்டில் ஒரு வாழைத்தார் வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவும் அக்காவும் ரயிலில் போனால் என்ன என்று கேட்டார் மாமா. "வாயும் வயிறுமா இருக்கிற பிள்ளைய ரயில்ல ஏத்தி, பிறை ஸ்டேஷன்ல எறக்கி, படகுல ஏத்தி எறக்குறதா?" என்று சம்பந்தியம்மா மார்பில் கை வைத்தாள். அவள் சொன்னது நியாயம். சாமானை வைத்துவிட்டுப் போவதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அது பேசுகிற விஷயம் இல்லை.

கடைசியில் அத்தான்தான் அமைதியாக ஒரு வழி சொன்னார். முதலில் சீர் போகட்டும். அடுத்த வாரம் கார் காலியாக வந்து பெண்ணை அழைத்துப் போகட்டும்.  பிறகு அப்பா, "அதுவும் சரிதான்" என்றார். சம்பந்தியம்மா காப்பி கலக்க உள்ளே திரும்பினாள். பெண்ணை அழைக்க வந்தவர்கள் பெண்ணைத் தவிர எல்லாவற்றையும் அழைத்துப் போவதாக முடிவாயிற்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலால் ரம்புத்தான் கூடையை ஓர் எத்து எத்திவிட்டுக் காருக்குப் போனேன்.

வாழைத்தார் சாக்கடையோரம் கிடந்தது. அது இருந்த இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். இவ்வளவு பெரிய தாரை எப்படி இறக்கினாய் என்று அம்மா பதறினாள்.

"எறக்கல. தள்ளிவிட்டேன்" என்றாள் அக்கா. யாரையும் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "நேத்து நீங்க வந்து எறங்கினப்பவே ஏறியிருப்பேம்மா. வெக்கமா இருந்துச்சு. அடுத்த வாரமுன்னு சொல்லாதீங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு."

 அம்மா பின்கதவைத் திறந்து நெய்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வாசற்படியில் வைத்தாள். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தாள். மாமா உதவிக்கு வந்தபோது கையால் விலக்கிவிட்டாள்.

"பாத்திரமெல்லாம் உங்க வீட்டுலயே இருக்கட்டும் அண்ணி. எம் பொண்ண மட்டும் குடுங்க."

சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. அப்பா தரையைப் பார்த்தார். உறவு இத்தோடு போயிற்று என்று எனக்கே தெரிந்தது. ஆனால் சம்பந்தியம்மா படி இறங்கி வந்து, காரிலிருந்து லட்டுப் பாத்திரத்தைத் தானே தூக்கினாள். அடுத்து அவலை. பிறகு உள்ளே போய்த் தன் தலையணையைக் கொண்டுவந்து, அக்காவைப் பின்சீட்டுக்கு மாற்றி, முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"மெதுவா ஓட்டுங்க தம்பி. பள்ளம் பார்த்து" என்று மாமாவிடம் சொன்னாள்.  அம்மாவின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு விலகி நின்றாள்.

அப்பா முன்னால் உட்கார்ந்தார். பின்னால் அக்காவுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் நான். ஊர் தாண்டியதும் அம்மா அழ ஆரம்பித்தாள்.

"பாத்திரம் எங்கயும் போயிடாது லா அக்கா. அடுத்த தடவ எடுத்துக்கலாம்" என்று மாமா ஆறுதல் சொன்னார்.

 அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஈப்போ வரை அதை விடவில்லை.