தலை மட்டும் சுவிஸுக்குப் போனது

எனக்குக் கல்யாணம் நடந்த காலத்தில் பாட்டுக் காட்சி இல்லாத கல்யாண வீடியோவை யாரும் மதிக்கமாட்டார்கள். தாலி கட்டுவது கொஞ்சம் வந்தால் போதும். பெண்ணும் மாப்பிள்ளையும் சினிமாப் பாட்டுக்கு வாயசைத்து ஆடுவது நிறைய வரவேண்டும். எங்கள் ஆட்டத்தைச் சீகிரியா மலைக்கோட்டையில் எடுப்பதாகத்தான் பேச்சு. யுத்த காலம், வழியெல்லாம் சோதனைச் சாவடி. பட்டுச்சேலையோடு இறங்கி இறங்கி ஏற என்னால் ஏலாது என்று சண்டை போட்டேன்.

"கவலைய விடுங்க அக்கா, ஒங்கள சுவிஸுக்கே அனுப்புறேன்," என்றான் மாத்தளையிலிருந்து வந்த வீடியோக்காரன். மாப்பிள்ளை சுவிஸில் ஹோட்டல் வேலை பார்ப்பவர். லீவில் வந்து என்னைக் கட்டினார்.

எங்கள் ஊர் பலாபத்வல மண்டபத்தில் சுவரிலிருந்து தரைவரை பச்சைத் துணியை விரித்தான். அதில் நின்று ஆடினால் போதுமாம். பச்சை இருக்கும் இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் பனிமலையை வைத்துவிடுமாம். வைத்தது. நான் கால் மறைய உடுத்தியிருந்ததும் பச்சைச் சேலை, பச்சை ஜாக்கெட். அந்த அறிவுகெட்டவனுக்கு அது கண்ணில் படவேயில்லை!

லீவு முடிந்து மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். நான் அவரிடம் போக விசா வேண்டும். விசாவுக்கு, இது நிஜக் கல்யாணம்தான் என்று காட்ட வீடியோ வேண்டும். நேர்முகத்துக்கு முதல் நாள்தான் சிடி கைக்கு வந்தது. போட்டுப் பார்த்தால், பனிமலைக்கு மேலே என் தலையும் இரண்டு கைகளும் மட்டும் மிதக்கின்றன. அவர் காற்றின் இடுப்பைப் பிடித்துச் சுழற்றுகிறார். "ஐயோ, எம்புள்ளைய பேயாக்கிட்டானே!" என்று அம்மா அழுதார். வேறு பிரதியும் இல்லை. மூலக் கேசட்டில் அவன் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டான்.

கொழும்பில் விசா அதிகாரி ஒரு வெள்ளைக்காரர். தாலி கட்டியதைக் கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்தார். விசாவுக்காகத் தாலி கட்டி நடித்தவர்களை நிறையப் பார்த்திருப்பார் போல. பாட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ சொன்னார்.

"மாப்பிள்ளை யாரப் பிடிச்சிக்கிட்டு ஆடுறாருன்னு கேக்குறாரு," என்றாள் மொழிபெயர்த்த பெண்.

எனக்கு வந்ததே கோபம்! "என்னத்தான்! வேற யார? ஆடத் தெரியாம சப்பாத்துக் காலால மிதிச்சு என் வெரல் நகத்தப் பேத்துட்டாரு. ஓட விடுங்க, இப்ப வரும்!"

வந்தது. பாட்டு இனிமையாக ஓட, தலை வலியில் வாயைப் பிளந்தது. அவர் பதறிப்போய்ப் பனியில் முழங்கால் போட்டார். இல்லாத காலைத் தடவினார், ஊதினார், நிமிர்ந்து தலையைப் பார்த்தார். தலை அவரைத் திட்டு திட்டென்று திட்டியது. வீடியோக்காரன் இதைக் காதல் காட்சி என்று நினைத்து வெட்டாமல் விட்டிருக்கிறான்! அதிகாரி திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சிரித்தார். எனக்கோ அழுகை வந்துவிட்டது. என் மாப்பிள்ளையை நேரில் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

விசா கிடைத்தது. சுவிஸ் விமான நிலையத்தில் முழு உடம்போடு போய் நின்றேன். ஓடிவந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைத்தான் பார்த்தார்.

"நகம் மொளச்சிருச்சா?"